தொங்கானுக்கு முதலில் ஒரு கூரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் பேராக் பக்கத்தில் எங்கள் ஊர் ஜெட்டி ஓரம் கிடக்கும் பழைய தொங்கானின் படம் வந்திருந்தது. ஒரு காலத்தில் பெர்னாம் ஆற்றில் பாய் விரித்து ஓடிய மரக்கப்பல். வருஷ முடிவுக்குள் அதைப் புதுப்பித்து, சுற்றிலும் பூச்செடி வைத்து, விளக்குப் போடப் போவதாகச் செய்தி. ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே ஃபைபர் ஒட்டி, மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் அடித்து, பாய்மரம் இருந்த இடத்தில் இரும்புக் குழாய் நட்டுக் கொடி ஏற்றுவார்களாம்.

படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான். நாற்பது வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்காத கப்பல் அது. அதற்காகச் சனி ஞாயிறு என்று பாராமல் அலைந்து பணம் திரட்டும் இளைஞர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் செய்தியை முழுக்கப் படித்த பிறகு அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர்கள் நினைத்தபடி நடந்தால், வெளியே பளபளவென்று நிற்கும்போதே அந்தக் கப்பல் உள்ளுக்குள் மக்கிவிடும். சிமெண்டையும் ஃபைபரையும் நிறுத்தி வையுங்கள், முதலில் அதன் தலைக்கு மேல் ஒரு கூரை போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பார்கள். 1953-இல் இங்கேயுள்ள தென்னந்தோட்டத்து லயத்தில் பிறந்தவன். 1970-இல், பதினேழு வயதில், ஆற்றோரத்தில் ஒரு சீனர் நடத்திய படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பதினோரு வருஷம் அங்கே இருந்தேன். அப்புறம் தோட்டத்துப் பட்டறையில் தச்சனாக 2008 வரை. கதவு, ஜன்னல், கோயில் தேருக்கு அச்சு, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு என்று எத்தனையோ செய்தேன். ஆனால் மரத்தைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்தப் பதினோரு வருஷத்தில் கற்றதுதான்.

அந்தத் தொங்கானுக்கும் எனக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. என் அப்பா ஜெட்டியில் மூட்டை ஏற்றிய ஆள். ரோடு ஒழுங்காக இல்லாத காலத்தில் தோட்டத்துக் கொப்பரையும் ரப்பர் ஷீட்டும் இந்த ஆறு வழியாகத்தான் வெளியே போயின. தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து ஏற்றி, இறங்கும் நேரம் பார்த்துக் கட்டை அவிழ்ப்பார்கள். சாமாக் மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்த சிவப்புப் பாய். அது வளைவில் திரும்பும் வரைக்கும் நாங்கள் சிறுவர்கள் கரையோரமாக ஓடுவோம். 1973-இல் அதே கப்பல் எங்கள் பட்டறைக்குப் பழுது பார்க்க வந்தது. அதற்குள் பின்னால் இஞ்சின் பூட்டிவிட்டார்கள், முன்பாய் மட்டும் மிச்சம். அதன் இடது பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மூன்றாவது வரிசையில், நடுவிலிருந்து பின்பக்கமாக ஒரு பதினாறு அடிப் பலகையை என் கையால் மாற்றினேன். தனியாக நான் பொருத்திய முதல் பலகை அது.

செய்தியைப் படித்த மறுநாள் காலையில் ஒரு சின்னச் சுத்தியலையும் ஓர் ஊசி உளியையும் எடுத்துக்கொண்டு போனேன். முன்னணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், ஆரம்பித்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு. நல்ல மரம் 'டங்' என்று பதில் சொல்லும். கெட்ட மரம் 'தொப்' என்று விழுங்கிக்கொள்ளும். என் பலகை டங் என்றது. ஐம்பது வருஷம் கழித்து! ஊசி உளியை வைத்து உடம்பு பலத்தைக் கொடுத்து அழுத்தினாலும் ஒரு நெல் அளவுகூட இறங்கவில்லை. அது செங்கால் மரம். நன்றாகக் காய்ந்த செங்காலே ஏறக்குறைய தண்ணீர் எடை இருக்கும், பச்சையாக இருந்தால் மூழ்கிப் போகும். ரம்பத்தின் பல்லைத் தின்னும் மரம்.

சரி, கெட்டது எங்கே? மேல்தளமும் பக்கப் பலகையும் சேரும் மூலையில். குறுக்குச் சட்டங்களின் நுனியில். பாய்மரத்தின் அடி உட்காரும் குழியில். முன்கட்டையின் உச்சியில். அங்கெல்லாம் தட்டினால் சத்தமே இல்லை. யாரோ எப்போதோ முன்கட்டையின் பக்கத்தில் ஒரு வெடிப்பைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சின் ஓரத்தில் உளியை நுழைத்து நெம்பினேன். முழுசாகப் பெயர்ந்து கையோடு வந்தது. அதற்குப் பின்னால் இருந்ததை விரலால் தொட்டேன். ஈரமான காப்பித்தூள் மாதிரி இருந்தது. அன்றைக்கு மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது. சுற்றியிருந்த மரமெல்லாம் காய்ந்து கிடக்க, சிமெண்ட் பூசிய இடம் மட்டும் நனைந்து கிடந்தது.

இதைத்தான் எல்லாருக்கும் விளக்க விரும்புகிறேன். மரக்கப்பலுக்குக் கடல் எதிரி என்று நினைக்கிறோம். கடலில் கப்பல் புழு இருக்கிறது, உண்மைதான். அது பலகையைச் சல்லடையாகத் துளைத்துவிடும். அதற்கு வைத்தியம் நல்ல தண்ணீர். ஆற்றில் மேலே உப்பு இல்லாத இடத்துக்குக் கப்பலைக் கொண்டுபோய்ச் சில வாரம் நிறுத்தினால் புழு செத்துவிடும். ஆனால் மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது, மழைத்தண்ணீர்தான் அதற்குச் சாப்பாடு. அதனால்தான் எங்கள் பட்டறையில் கரையேற்றிய கப்பலின் தளத்தில் காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் இறைப்போம். அந்தக் காலத்தில் வெளிநாடுகளில் புதுக் கப்பல் கட்டும்போதே விலாச் சட்டங்களுக்கு நடுவில் கல் உப்பைக் கொட்டி அடைப்பார்களாம். கடலில் ஓடும்வரை நன்றாக இருந்த கப்பல் கரையில் ஏறிய பிறகு கெடுவதற்கு இதுதான் காரணம். நாற்பது வருஷ மழை எங்கள் தொங்கானின் ஒவ்வொரு மூலையிலும் தேங்கி நின்றிருக்கிறது.

இப்படிப்பட்ட மரத்தின் மேல் ஃபைபர் ஒட்டினால் என்ன ஆகும்? மரம் மூச்சு விடுவது. மழைக்காலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். ஃபைபர் விரியாது, சுருங்காது. செங்கால் மாதிரி பிசின் உள்ள கெட்டி மரத்தில் அது சரியாக ஒட்டவும் ஒட்டாது. கொஞ்ச நாளில் எங்கேயாவது ஒரு மயிரிழை பிரியும். அந்த வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இருக்காது. எண்பதுகளின் நடுவில் ஒரு மீன்பிடிப் படகுக்கு இப்படி ஃபைபர் போட்டதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னேன், படகுக்காரர் கேட்கவில்லை, அவருக்கு அவசரம். மூன்று வருஷம் கழித்து அந்த ஃபைபரை உரித்தபோது நான் அங்கே இருந்தேன். விலாச் சட்டத்தைக் கையால் பிய்த்து எடுக்க முடிந்தது. அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

ஏற்பாட்டாளர்களில் ஒரு தம்பி என்னிடம், "ஐயா, ரெண்டு கோட் அடிச்சா இருபது வருஷம் நிக்கும்னு கடையில சொன்னாங்க" என்றார். தம்பி, கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஃபைபரிலேயே வார்த்த படகு இருபது வருஷத்துக்கு மேலும் நிற்கும். பழைய மரத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

அப்படியானால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை எதை வைத்து அடைப்பது? அதற்கு நம் முன்னோர் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: கலப்பத்து. பட்டறையில் மலாய் பேசிப் பழகிய நாங்கள் 'பாக்கால் அடிப்பது' என்போம். எனக்கு அதைக் கற்றுத்தந்தவர் அறுபது வயதைக் கடந்த ஒரு சீனப் பெரியவர். அப்பேக் என்று கூப்பிடுவோம். சுண்ணாம்பையும் துங் எண்ணெயையும் கல்லுரலில் போட்டு, உலக்கையால் ஒரு மணி நேரம் இடிக்க வேண்டும். முதலில் மணல் மாதிரி பொலபொலவென்று இருக்கும். அப்புறம் பிட்டு மாவு மாதிரி. கடைசியில் கொழுக்கட்டை மாவு மாதிரி விரலில் ஒட்டாமல் இழுபடும். பழைய சணலைப் பிரித்து, தொடையில் வைத்துத் திரித்து, இடைவெளியில் அகல உளியை வைத்து மரச்சுத்தியலால் உள்ளே தள்ள வேண்டும். அதன் மேல்தான் இந்த மாவு.

முதல் நாள் நான் வேகமாக அடித்துக்கொண்டே போனேன். அப்பேக் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "டெங்கார் டுலு" என்றார். முதலில் கேள் என்று அர்த்தம். என் தலையைப் பிடித்துக் காதைப் பலகையோடு சேர்த்து வைத்துவிட்டு, அவர் அடித்துக் காட்டினார். சணல் தளர்வாக இருக்கும்போது சத்தம் தட்டையாக இருந்தது. அடிக்க அடிக்க ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மிருதங்கத்துக்குச் சுதி சேர்ந்த மாதிரி கணீரென்றது. அங்கே அவர் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் ஒரு அடி போட்டாலும் தப்பு. ஏனென்றால் கப்பல் தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறி விரியும். இடமே இல்லாமல் இறுக்கி வைத்திருந்தால் பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். வெயிலில் காய்ந்து சுருங்கிய பலகைகளுக்கு நடுவே அரை விரல் இடைவெளி தெரிகிறதே, அதைப் பார்த்து இப்போது எங்கள் தொங்கானைப் பார்க்க வருகிறவர்கள் கப்பல் உடைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அது உடையவில்லை. காய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் சிமெண்ட் வைப்பது, தாகமாக இருப்பவன் வாயில் கல்லை வைப்பது போல.

கிழக்குக் கரையில் இன்னொரு முறை உண்டு. 1978-இல் மரம் பார்க்க கோலத் திரங்கானு போனபோது பூலாவ் டூயோங்கில் இரண்டு நாள் தங்கினேன். அங்கேயுள்ள மலாய்க் கைவினைஞர்கள் காகிதத்தில் வரைபடம் போடாமல் பெரிய கப்பல்களைக் கட்டுவார்கள். நாங்கள் விலாச் சட்டத்தை முதலில் நிறுத்திப் பிறகு பலகை அடிப்போம். அவர்கள் பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போய், ஓடு உருவான பிறகுதான் உள்ளே சட்டம் வைப்பார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பெனாகா மரத்தில் சீவிய முளைகள், கூடவே கெலாம் மரத்தின் பட்டை. அந்தப் பட்டை பழைய நோட்டுப் புத்தகத்தின் தாள் மாதிரி அடுக்கடுக்காக உரியும், தண்ணீர் பட்டால் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். தீ மூட்டிப் பலகையை வளைப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கலை தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். எங்கள் தொங்கானைப் பழுது பார்க்க அங்கிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்து, நம் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேரை அவருக்குக் கையாளாகப் போட்டால், ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் கையில் ஒரு தொழில் இருக்கும்.

பலகை மாற்றுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டதையெல்லாம் ஒரேயடியாகப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அப்படிப் பிரித்தால் கப்பலின் உருவமே போய்விடும். ஒரு பலகையை எடு, அளவு பார், அதே வளைவில் புதிது செய், பொருத்து, அப்புறம் அடுத்தது. பலகை முழுக்கக் கெட்டிருக்காவிட்டால் கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, நீண்ட சரிவாகச் சீவி, அதே சரிவில் புதுத் துண்டை ஒட்ட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வரிசைகளின் மூட்டும் ஒரே சட்டத்தின் மேல் வரக்கூடாது. செங்கல் சுவர் கட்டும் கொத்தனாருக்கே இது தெரியும், கப்பலில் இது உயிர் விஷயம். பழைய இரும்பு ஆணிகள் துருப்பிடித்துத் தம்மைச் சுற்றியுள்ள மரத்தையும் கறுப்பாக அரித்திருக்கும். அந்த ஓட்டையிலேயே புது ஆணி அடித்தால் பிடிக்காது. ஓட்டையை நல்ல மரம் வரும்வரை துளைத்து, மரமுளை இறக்கி அடைத்துவிட்டு, பக்கத்தில் புதிதாகத் துளை போட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. ஒரு நாளைக்கு ஒருவரால் ஒரு கை நீளத்துக்கு மேல் முடியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என் மகள் இங்கிலாந்தில், நியூகாசலில் தாதியாக இருக்கிறாள். 2018-இல் அவளைப் பார்க்கப் போனபோது ரயிலேறி ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊருக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு பாய்க்கப்பல் மிதக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி. நம் திருகோணமலைதான்! பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டுநர்கள் மலபார்த் தேக்கில் கட்டி 1817 அக்டோபரில் தண்ணீரில் இறக்கிய போர்க்கப்பல். ஐரோப்பியப் போர்களால் அவர்கள் நாட்டில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் இந்தியத் தேக்கைத் தேடி வந்தார்கள். பிற்பாடு பல வருஷம் பயிற்சிக் கப்பலாக இருந்து, நைந்துபோன நிலையில் 1987-இல் அந்த ஊருக்கு வந்தது. 1990-இல் வேலையை ஆரம்பித்து 2001-இல் முடித்திருக்கிறார்கள். பதினோரு வருஷம். நான் பட்டறையில் இருந்ததும் அதே பதினோரு வருஷம்தான், அதனால் அந்தக் கணக்கு எனக்கு மறக்கவில்லை. அப்படியும் கப்பல் உடம்பில் பாதிக்கு மேல் பழைய மரமே இருக்கிறது. கீழ்த்தளத்தில் நடக்க வேண்டுமானால் குனிந்துதான் நடக்க வேண்டும். ஒரு சட்டத்தில் கை வைத்தேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்துக் காட்டில் நின்ற மரம், குளிர் நாட்டில் என் கைக்குக் கீழே இருந்தது. மகள் முன்னால் கண் கலங்கிவிட்டேன்.

அதே நாட்டில் போர்ட்ஸ்மத்தில் விக்டரி என்ற இன்னும் பழைய கப்பல் இருக்கிறது. 1765-இல் மிதக்கவிட்டது, 1922 முதல் உலர்துறையில் நிற்கிறது. அங்கேயும் இதே நோய்தான்: மழைத்தண்ணீர், பூஞ்சை, மரத்தைக் குடையும் வண்டு. 2022-இலிருந்து சாரம் கட்டி மூடிவைத்து, வெளிப்பலகைகளைக் கழற்றி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் வேலை. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது கப்பலின் அடியில் அவர்கள் செய்தது. முன்பு 22 இரும்புத் தொட்டில்களில் கப்பல் உட்கார்ந்திருந்தது. அதன் சொந்த எடையே அதை நசுக்கிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, இப்போது 134 முட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் எப்படி எல்லா இடத்திலும் சமமாகத் தாங்குமோ, அந்த மாதிரி.

எங்கள் தொங்கான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது தெரியுமா? இரண்டே இரண்டு காங்கிரீட் கட்டை, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அடிமரத்துக்கு, அதாவது ஏராவுக்கு, நடுவில் ஒரு தாங்கலும் கிடையாது. கயிறு கட்டிப் பார்த்தேன், நடு வயிறு நான்கு விரல் தொங்கிவிட்டது. தண்ணீரில் இருக்கும் கப்பலுக்கு நேர் எதிராக நடக்கும். அகலமான நடுப்பகுதியை ஆறு தூக்கிப் பிடிக்கும், ஒடுங்கிய முனைகள் இரண்டும் தொய்யும். கரையில் நடு தொங்குகிறது. அந்த நிலையில் எந்தப் பலகையைப் பொருத்தினாலும் அது கோணலுக்குத்தான் பொருந்தும். முதலில் ஏரா நெடுகிலும் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, வாரத்துக்குக் கால் அங்குலம் என்று மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் முதுகு முறியும்.

நம் கூட்டங்களில் கடாரத்தைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கும் பெருமைதான். ஆனால் நம் முன்னோர் வந்த கப்பல்களில் ஒரு பலகைகூட நம்மிடம் இல்லை. இந்த நாட்டு மண்ணில் 1926-இல் பகாங்கில் போந்தியான் பக்கம் சேற்றிலிருந்து ஒரு பழைய படகின் துண்டுகள் கிடைத்தன. பலகைகளை ஈஜோக் என்ற பனை நாரால் கட்டிச் சேர்த்த படகு. சுமார் 1,600, 1,700 வருஷப் பழமை என்று கணித்தார்கள். சேற்றுக்குள் காற்றும் வெயிலும் மழையும் படாமல் இருந்ததால்தான் அதுவாவது மிஞ்சியது. மலாக்காவில் 1511-இல் சுமத்ரா அருகே மூழ்கிய போர்ச்சுகீசியக் கப்பலின் மாதிரியைப் பெரிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன், ஆசையாக ஏறி இறங்கினார்கள். பெரியவன் கேட்டான், "தாத்தா, இது நிஜமா ஓடுச்சா?" இல்லை என்றேன். "ஓடுன கப்பல் எங்க இருக்கு?" என்றான். நம் ஊர் ஜெட்டியில் இருக்கிறது என்று சொன்னேன். அடுத்த வாரமே கூட்டிப் போய்க் காட்டினேன்.

தோட்டத்து ஆபீசில் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒருவர் இருந்தார். தொங்கான் கரையோரம் வரும்போதெல்லாம் வல்வெட்டித்துறைக் கப்பலின் கதையைச் சொல்வார். 1930-இல் அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல். அதை அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிப் போய் 1938-இல் அமெரிக்காவின் கிளவுஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். தமிழன் கட்டிய கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டியது என்று சொல்லும்போது அவருடைய குரல் மாறிவிடும். கப்பல் கட்டும் வேலை நமக்கு அந்நியமானது என்று நான் நினைக்காமல் இருந்ததற்கு அவர்தான் காரணம். பதினேழு வயதில் அந்தப் பட்டறை வாசலில் துணிந்து போய் நின்றேன்.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது இதுதான். திரட்டிய பணத்தில் முதல் வெள்ளி கூரைக்குப் போகட்டும். எங்கள் பக்கத்தில் அக்டோபர், நவம்பரில்தான் மழை கொட்டும், அதற்குள் போட்டாக வேண்டும். பெரிய செலவு இல்லை. நிபோங் பனைக் கம்பம் நட்டு, நீப்பா ஓலையில் முடைந்த அத்தாப்புக் கூரை வேய்ந்தால் மூன்று நான்கு வருஷம் தாங்கும். சிங்க் தகரம் போட்டால் இன்னும் அதிகம். பக்கங்கள் திறந்திருக்கட்டும், காற்று நடமாட வேண்டும். மேற்குப் பக்கம் மட்டும் வெயிலுக்கு ஓலைத் தட்டி தொங்கவிடலாம். தயவுசெய்து தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்து இன்னும் சீக்கிரம் கெடும். அப்புறம் முட்டு. அப்புறம், ஒரு ஆணியைப் பிடுங்குவதற்கு முன்னால், கப்பலை முழுக்க அளந்து வரைய வேண்டும். இரண்டடிக்கு ஓர் இடத்தில் தூக்குக்குண்டு விட்டு, வளைவைப் பலகைச் சட்டத்தில் பிடித்து, ஒவ்வொரு பலகைக்கும் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டுப் படம் எடுக்க வேண்டும். இந்த வேலைக்குத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் வந்தால் நான் கூடவே நிற்கிறேன். 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் இதைப் பதிவு செய்ய முடியுமா என்று சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு மனுவும் போட வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் அதற்கு உதவ வேண்டும். எனக்கு மலாயில் பேச வரும், மனு எழுத வராது.

சாயம் கடைசி வேலை. அதன் பழைய நிறம் மஞ்சளோ சிவப்போ கிடையாது. உடம்புக்கு எண்ணெய் ஊறிய கறுப்பு, மேல்விளிம்பில் மட்டும் ஒரு பச்சைக் கோடு. முன்கட்டைக்குக் கீழே, மழை படாத இடத்தில், நகத்தால் சுரண்டினால் அந்தப் பச்சை இன்னும் தெரிகிறது. இரும்புக் குழாயை நட்டால் பாய்மரக் குழியில் இன்னும் மிஞ்சியிருக்கும் நல்ல மரமும் பிளக்கும். மரம் கிடைக்கும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

உங்கள் வாசகர்களிடமும் ஓர் உதவி கேட்கிறேன். ஐம்பதுகளில், அறுபதுகளில் பெர்னாம் ஆற்றுத் தோட்டங்களில் இருந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜெட்டியில் எடுத்த படத்தில் பின்னால் எங்காவது பாய் விரித்த தொங்கான் நின்றால், அதை எங்களுக்கு அனுப்ப இந்த நாளிதழ் உதவும் என்று நம்புகிறேன். பாயின் வெட்டு எப்படி இருந்தது, பின்பாய்மரம் எவ்வளவு உயரம் என்பதற்கு என் நினைவைத் தவிர இப்போது வேறு ஆதாரம் இல்லை. சிறுவனாக இருந்தபோது பார்த்த நினைவு அது, அளவுகோலாக அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வரும் சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை எட்டு மணிக்கு நான் ஜெட்டியில் இருப்பேன். சுத்தியல் என்னிடம் இரண்டு இருக்கிறது. வருகிற தம்பி தங்கைகளுக்கு மரத்தைத் தட்டிக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அத்தாப்பு முடையத் தெரிந்த அம்மாமார் யாராவது இன்னும் இருந்தால், அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தச்சர்,
பாகான் டத்தோ மாவட்டம், பேராக்.